ஒரு சிட்டிகைக்கு எத்தனை மில்லிகிராம்?

எடை பார்க்க உட்காரும் முன் ஹைமவதி நெற்றியைத் துடைத்துக்கொள்வாள். கைக்குட்டையால் ஒருமுறை, ஈரப் பஞ்சால் ஒருமுறை. காலையில் அப்பா இட்டு அனுப்பும் திருநீறு அதோடு சரி. பிறகு முடியை ஒதுக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு, மின் தராசின் கண்ணாடிக் கதவைத் திறப்பாள். கொசுவின் இறக்கையை வைத்தாலும் எடை சொல்லிவிடுகிற தராசு அது. "ஒரு தூசி விழுந்தாலும் என் ஆறு வருஷம் போயிடும் சார்" என்பாள். அந்த ஆறு வருஷம் எப்படிப் போயிற்று என்று தெரிந்த பிறகு, எனக்கு இதைக் கேட்டால் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

நான் அதே கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவன். வேதியியல் துறை எங்களுக்கு எதிர்க் கட்டடம். எங்கள் பக்கம் முனைவர் பட்டம் வாங்க ஒரு நாற்காலியும் உறுதியான முதுகும் போதும். அங்கே அடுப்பு, உலை, அமிலம், அழுகை எல்லாம் வேண்டும். ஹைமவதியின் ஆராய்ச்சி, மல்லாட்டைத் தோலைக் கரியாக்கி அந்தக் கரியால் சாயத் தண்ணீரைத் தெளிய வைப்பது. நிலக்கடலைக்கு எங்கள் ஊர்ப் பெயர் மல்லாட்டை. கீழ்பென்னாத்தூரில் உடைப்பு மில் வைத்திருக்கும் திரௌபதி அம்மாளிடம் போய் ஒரு பை நிறையத் தோல் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவாள். குருக்கள் வீட்டுப் பெண் தோலுக்கு வந்து நிற்பதை அந்த அம்மாளால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. "ஏம்மா, ஊட்ல கேஸ் தீந்துபோச்சா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார். இவளும் ஒவ்வொரு முறையும் பொறுமையாக விளக்குகிறாள்.

தோலைக் கழுவிக் காயவைத்து, உலையில் சுட்டு, அரைத்து, எண் போட்ட சின்னப் பாட்டில்களில் அடைப்பாள். நீலச் சாயம் கலந்த தண்ணீரில் அந்தக் கரியைப் போட்டுக் குலுக்கினால் இரண்டு மணி நேரத்தில் நீலம் வெளுக்கும். ஏற்கெனவே ஊர் உலகமெல்லாம் செய்து பார்த்துவிட்ட வேலைதான். அதனால் யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை, பதினேழாம் எண் பாட்டில் வரும் வரைக்கும். பதினேழு பத்தே நிமிடத்தில் தண்ணீரைப் பளிச்சென்று ஆக்கிவிட்டது. மூன்று தடவை செய்தாள், மூன்று தடவையும் அப்படியே. பாட்டிலும் காலியாயிற்று. அவளுடைய நெறியாளர் முருகவேல் துறை முழுக்கப் பால்கோவா கொடுத்தார். எங்கள் கட்டடத்துக்கும் ஒரு துண்டு வந்தது.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் பதினேழு திரும்ப வரவே இல்லை. நாற்பத்து மூன்று முறை சுட்டாள். அதே தோல், அதே உலை, அதே சூடு. உலையைச் சந்தேகப்பட்டாள், கரண்டைச் சந்தேகப்பட்டாள், அந்த வருஷத்து மழையைச் சந்தேகப்பட்டாள். கடைசியில் தன் நெற்றியைச் சந்தேகப்பட்டாள். திருநீறு உதிர்ந்து கரியைக் கெடுக்கிறதோ என்று துடைக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

ஆய்வேடு கொடுப்பதற்கு வாங்கிய கடைசி நீட்டிப்பும் முடிய இருபது நாள் இருந்தது. நான்காம் இயல் முழுக்கப் பதினேழுதான். அதை எடுத்தால் பட்டம் இல்லை. திரும்பச் செய்து காட்ட முடியாததை எழுதிவைக்க இவளுக்கு மனசு வரவில்லை. ஒரு நாள் காலை தோசைத் தட்டின் முன் உட்கார்ந்து, படிப்பையே விட்டுவிடப் போகிறேன் என்று அப்பாவிடம் அழுதிருக்கிறாள்.

அப்பா நமசிவாய குருக்கள், அண்ணாமலையார் கோயிலில் முறை பார்ப்பவர். கும்பாபிஷேகக் கூட்டத்திலேயே பதறாத மனிதர். மகள் அழுது முடிக்கும் வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாராம்: "என் மேலதான் தப்பு. அன்னிக்கு ஒரு தடவை போட்டதோட விட்டுட்டேன். ஒவ்வொரு தடவையும் போட்டிருக்கணும்."

விஷயம் இதுதான். பதினேழைச் சோதித்துப் பார்ப்பதற்கு முன்னால், அந்த வருஷம் தீபத் திருவிழாவுக்குக் கல்லூரியை மூடியபோது, ஆய்வகத்து எலிகளுக்குப் பயந்து, இவள் பாட்டில்களை ஸ்வீட் டப்பாவில் அடுக்கி வீட்டுக்குக் கொண்டுபோனாள். யாரும் கை வைக்காத இடம் என்று பூஜை அலமாரியில் வைத்தாள். அங்கே தினமும் கை வைக்கிற ஒரே ஆளை மறந்துவிட்டாள். பெண் படுகிற பாட்டைப் பார்த்த குருக்கள், நல்லபடியாக வரட்டும் என்று முன்னால் இருந்த பாட்டிலைத் திறந்து, ஒரு சிட்டிகை திருநீறு போட்டு, நன்றாகக் குலுக்கி மூடிவைத்தார். ஏன் ஒன்றில் மட்டும் என்று மகள் கேட்டதற்கு, "ஒண்ணுக்குப் போட்டா எல்லாத்துக்கும் போட்ட மாதிரிதானே" என்றார். தோசை ஆறிப்போயிற்று.

வீட்டுத் திருநீற்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டு அன்றைக்கே ஆய்வகத்துக்கு ஓடினாள். பழைய கரியில் கலந்து குலுக்கினாள். பதினோரு நிமிடத்தில் தண்ணீர் தெளிந்தது.

முருகவேலிடம் போய்ச் சொன்னாள். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து, "உங்கப்பா சொல்லல, நீ கேக்கல, எனக்கும் தெரியாது. எழுதி முடிம்மா" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவளுக்கு நல்லதென்று நினைத்துத்தான் சொன்னார். அவள் நேராக வந்து எங்கள் துறைப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். நானும் ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அதையேதான் சொன்னேன். இத்தனைக்கும் முதலாண்டு மாணவர்களுக்கு வாரம் நான்கு மணி நேரம் அறநூல் நடத்துகிறவன் நான்.

"பதினேழு என்னுது இல்ல சார். அப்பாவோடது" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நான்காம் இயலைத் தானே விலக்கிக்கொள்வதாகவும், மாதிரியில் தன் தகப்பனார் திருநீறு கலந்துவிட்டதாகவும், எல்லாவற்றையும் மறுபடி செய்ய ஆறு மாதம் வேண்டும் என்றும் பல்கலைக்கழகத்துக்கு எழுதினாள். முருகவேல் நான்கு நாள் அவளோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் கையெழுத்துப் போட்டார். ஆறு மாதம் கிடைத்தது. அதன் பிறகு பேராசிரியரிடம் ஒரு மாற்றம்: "நம்ம ஊர் திருநீறுக்கு ஒரு பவர் இருக்கத்தாம்மா செய்யுது" என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொல்கிறார். குருக்களோ, "சாணிச் சாம்பல்தானே, அழுக்கை இழுக்கும்" என்று முடித்துக்கொள்கிறார். யார் எந்தத் துறை என்று எனக்கே குழம்பிவிட்டது.

ஆனாலும் பேராசிரியர் பேராசிரியர்தான். சிட்டிகை என்று ஆய்வேட்டில் எழுத முடியாது, மில்லிகிராமில் சொல் என்றார். அதனால் போன வியாழக்கிழமை, காலைப் பூஜை முடிந்து, குருக்கள் திருநீற்றுச் சம்புடத்தோடு ஆய்வகத்துக்கு வந்தார். வேடிக்கை பார்க்க நானும் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றியவரை, தரையில் அமிலம் சிந்தியிருக்கும் என்று சொல்லித் திரும்பப் போடவைத்தார்கள். கையுறை கொடுத்தபோதுதான் தகராறு. "இதைப் போட்டுண்டா சிட்டிகையே வராது" என்றார். மகள் யோசித்துவிட்டு, வேண்டாம் என்று வாங்கி வைத்துக்கொண்டாள். அன்றைக்கும் வெறும் விரல்தானே.

ஹைமவதி வழக்கம்போல நெற்றியைத் துடைத்துக்கொண்டு தராசின் முன் உட்கார்ந்தாள். குருக்கள் ஒவ்வொரு முறையும் கண்ணை மூடி, உதட்டுக்குள் ஏதோ சொல்லி, வழவழப்பான காகிதத்தில் ஒரு சிட்டிகை வைப்பார். அவள் கதவைச் சாத்தி, எண் நிற்கும் வரை பார்த்து எழுதுவாள். இருநூற்றுப் பன்னிரண்டு. இருநூற்று ஒன்பது. இருநூற்றுப் பதினொன்று. நாற்பது வருஷமாக நெற்றி நெற்றியாகப் போன கை, ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. முருகவேல் எட்டிப் பார்த்துவிட்டு, நம்ம பசங்க பிப்பெட்டைவிட இது ஜாஸ்தி கரெக்ட் என்று முணுமுணுத்தார்.

பத்தாவது சிட்டிகை வைத்ததும் விரல் நுனியில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. குருக்கள் பழக்கத்தில் அந்தக் கையை மகளின் நெற்றிக்குக் கொண்டுபோனார். அவள் சட்டென்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சின்னத் தூரிகையை எடுத்து, விரல் விரலாகத் தட்டி, ஒட்டியிருந்ததையும் காகிதத்தில் இறக்கினாள். கதவைச் சாத்தினாள். எண் நின்றது. எழுதினாள். பேனாவை மூடி வைத்தாள்.

பிறகு அப்பாவின் பக்கம் திரும்பித் தலையைக் குனிந்தாள். அவர் விரலில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் நிதானமாக ஒரு கீற்று இழுத்துவிட்டார்.