நாலில் நிறுத்திய வளையம்

பிள்ளைகளே, பரணிலிருந்து நீங்கள் இறக்கிய கறுப்புக் குழாய் தூரத்தைக் கிட்டத்தில் காட்டுகிற சாமான் என்பது உங்களுக்கே தெரிந்துவிட்டது. அதன் நடுவில் ஏன் இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறது, பிரிக்கலாமா என்று கேட்டீர்கள். ஷிப்ட் முடிந்து வந்த அசதியில், பிரிக்காதீங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான், எழுதிப் பழக்கமில்லை. ஆனால் வாயால் சொன்னால் பாதியிலேயே தூங்கிவிடுவேன், அதனால் எழுதிவைக்கிறேன்.

அது துப்பாக்கியின் மேல் மாட்டுகிற ஸ்கோப். என் மாமா, அதாவது என் அம்மாவின் தம்பி, எனக்குக் கொடுத்தது. காட்டுமன்னார்கோயில் தாத்தா என்று நீங்கள் கூப்பிடுவீர்களே, அவர். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறார் என்று முதுகுக்குப் பின்னால் செய்து காட்டிச் சிரிப்பீர்களே, அவரேதான்.

அப்போது எனக்குப் பத்து வயது. மாமா செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் ஆபரேட்டர். ஆறு வருஷமாக நைட் ஷிப்ட்தான். வார லீவுக்குச் சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு வருவார், வந்து தூங்குவார். சோற்றைப் பிசைந்த கையோடு சுவரில் சாய்ந்து தூங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அம்மா அவர் கையைத் துடைத்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போவாள். அவர் முழுசாக விழித்திருப்பது ஒரே ஒரு காரியத்தில்தான். கடலூர்ப் பக்கம் சவுக்குத் தோப்புக்குள் ஒரு ரைபிள் கிளப் இருந்தது. தூங்க வேண்டிய நேரத்தைத் திருடிக்கொண்டு அங்கே போய்ச் சுடுவார்.

அந்த வருஷம் மாநிலப் போட்டிக்குக் கிளப்பில் ஆள் எடுத்தார்கள். தேர்வானால் பகல் ஷிப்டுக்கு மாற்றித் தருவதாகக் கம்பெனி மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். மாமாவுக்கு மெடல் ஆசையெல்லாம் இல்லை. இருட்டில் தூங்கி வெளிச்சத்தில் எழுந்திருக்க வேண்டும் என்பதுதான்.

துப்பாக்கி கிளப்புடையது, பாயிண்ட் டூ டூ என்பார்கள். ஸ்கோப்பை மட்டும் அவரவர் வாங்கிக்கொள்ள வேண்டும். கிளப் செயலாளர் இரண்டைக் கொடுத்து, பார்த்துவிட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பியிருந்தார். ஒன்று எப்போதும் நாலு மடங்குதான் பெரிதாகக் காட்டும், திருப்புவதற்கு எதுவும் கிடையாது. இன்னொன்றில் ஒரு வளையம் இருந்தது. திருப்பினால் மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்கு வரை போகும்.

மாமா வந்த உடனே, தனக்கு நாலே போதும் என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. அப்பா மேலவீதியில் மிக்சி, ஃபேன் ரிப்பேர் கடை வைத்திருந்தவர்.

"ரெகுலேட்டர் இல்லாத ஃபேனை எவனாவது வாங்குவானா மச்சான்?" என்றார்.

அப்பாவை மாமா என்றுதான் மாமாவும் கூப்பிடுவார். "ரெகுலேட்டர் இருந்தா எவனாவது திருப்பிக்கினே இருப்பான் மாமா. ஒரே வேகத்துல ஓடுனாதான் எனக்குத் தூக்கம் வரும்."

அம்மா சிரித்தாள். அப்பா விடவில்லை. எல்லாரையும் மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கைப்பிடிச் சுவரின் மேல் ஒரு துண்டை மடித்துப் போட்டு, ஸ்கோப்புகளை மாற்றி மாற்றி வைத்து, கிழக்குக் கோபுரத்தைப் பார்க்கச் சொன்னார். நாலில் கோபுரம் கிட்டே வந்தது, அவ்வளவுதான். ஒன்பதில் ஒரு பொம்மையின் தோளில் உட்கார்ந்திருந்த புறா கழுத்தைத் திருப்பியது தெரிந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பக்கத்து மாடியில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்தவர்களும் வந்து பார்த்துவிட்டுப் பெரியதற்கே ஓட்டுப் போட்டார்கள். மாமா மட்டும் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நான் போய் அவர் முழங்காலை உலுக்கி, புறாவோட கண்ணுகூடத் தெரியுது மாமா, இதையே வாங்குங்க என்று கெஞ்சினேன். அவர் கண்ணைத் திறந்தார். சரிடா, இதையே வாங்கிக்கிறேன், ஆனா நாலுலயே வெச்சிக்கிறேன் போ என்றார்.

துப்பாக்கியைச் சுடப்போகிறவர் கையில் பிடிக்க வேண்டும் என்பது அன்றைக்கு அந்த மாடியில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நாங்கள் எல்லாரும் சுவரில் வைத்துப் பார்த்தோம். சுவருக்குக் கை நடுங்காது.

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாமா நைட் ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்தார். அப்பாவும் நானும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றோம். நின்றபடியே சுட வேண்டும், வட்டம் போட்ட இரண்டு அட்டை, ஒவ்வொன்றிலும் பத்துக் குண்டு. முதல் அட்டையில் மாமா நாலிலேயே சுட்டார். அட்டையைப் பார்த்த செயலாளர், இதே மாதிரி இன்னொன்று போட்டால் போதும் என்று அப்பாவிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

இடைவேளையில் துப்பாக்கியை மேஜையில் வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்க மாமா எங்களிடம் வந்தார். அவருக்கு உதவி செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை.

"மாமா, ஒம்போதுல வைங்களேன். நல்லா பெருசா தெரியும்ல."

அவர் பாட்டிலை மூடினார். அதற்குள் அப்பா, பையன் கேக்கறதுல என்னா தப்பு, வாங்குனதே அதுக்குத்தானே என்றார். மாமா திரும்பிப் போனார். மேஜையருகே குனிந்து வளையத்தைத் திருப்பினார். நான் அப்பாவின் கையைக் கிள்ளினேன், சந்தோஷத்தில்.

துப்பாக்கியைத் தூக்கினார். சுடவில்லை. இறக்கினார். மறுபடி தூக்கினார், இறக்கினார். பக்கத்தில் நின்றவர்கள் பாதி அட்டையை முடித்துவிட்டார்கள். மாமா வளையத்தைத் திரும்பப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். அப்புறம் சுட்டார். இடைவெளி விட்டு விட்டு, எதற்கோ காத்திருந்து காத்திருந்து சுட்டார். பத்தில் நாலு குண்டு வட்டத்துக்கு வெளியே போயிருந்தது.

சிதம்பரம் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நான் ஜன்னலோரம்.  அப்பா, பழையபடி நாலுலதானே வெச்சே, அப்புறம் என்னா ஆச்சு என்று கேட்டார். மாமா உள்ளங்கைகளைத் தொடையில் அழுத்தி வைத்துக்கொண்டிருந்தார்.

"நாலுல பாக்கும்போது ஆடறது தெரியல மாமா. ஒம்போதுல, உள்ள குறி பாக்கறதுக்கு இருக்குதே அந்தக் கூட்டல் குறி, அது ஒரு எடத்துல நிக்கல. என் கைதான். இவ்ளோ ஆடும்னு எனக்கே தெரியாது."

"அதான் திருப்பி நாலுக்கு வந்துட்டியே."

"வந்துட்டேன். ஆனா பாத்துட்டேனே."

 செம்மங்குப்பத்தில் பஸ் நின்றது. கம்பெனிகளின் மருந்து வாடை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. அன்றைக்கும் நைட் ஷிப்ட் உண்டு, ரூமில் ரெண்டு மணி நேரம் படுத்துவிட்டுப் போகிறேன் என்று மாமா எழுந்தார். ஸ்கோப் இருந்த பையை என் மடியிலேயே விட்டுவிட்டு, என் தலையை ஒரு தடவை தடவிவிட்டு இறங்கினார். கம்பியைப் பிடித்துத்தான் இறங்கினார்.

அந்தப் பேச்சு முழுவதையும் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு அதில் விளங்கியது ஒன்றுதான். நான் சொல்லி அந்த வளையத்தைத் திருப்பியது தப்பு, அது திரும்பாமல் இருந்திருந்தால் மாமா ஜெயித்திருப்பார். அடுத்த வருஷமும் ஆள் எடுப்பார்கள் அல்லவா?

வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் டூல்ஸ் பெட்டியிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். கோபுரத்தைப் பார்க்கவில்லை. வளையத்தை நாலில் நிறுத்தி, டேப்பை இழுத்துப் பிடித்து ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி, பல்லால் கடித்து அறுத்தேன். திருப்பிப் பார்த்தேன், அசையவில்லை. இனி மாமாவே நினைத்தாலும் முடியாது என்ற நிம்மதியோடு கீழே இறங்கி வந்தேன்.