அடிக்கு அரை அங்குலம்

1. போர்மனின் சப்பாத்து

மாரி மழைக்கு முன், யார்ட் தந்த குடியிருப்பு அறையைக் காலி செய்ய வேண்டும் என்ற செய்தி எனக்கு வந்தபோது நான் பார்ஜ் என்கிற சரக்குப் படகு ஒன்றுக்குக் கீழே மல்லாந்து படுத்திருந்தேன். பலகை இடுக்குகளில் பஞ்சு அடைக்கிற வேலை. தலைக்குப் பக்கத்தில் இரண்டு சப்பாத்துகள் வந்து நின்றன. எங்கள் வேலைகளை மேற்பார்க்கிற போர்மன் மத்தியாஸ் அவர்களின் சப்பாத்துகள். எங்கள் யார்ட்டில் மினுக்கிய சப்பாத்து போட்டவர் அவர் ஒருவர்தான்.

"சிவலிங்கம், நீர் குடும்பஸ்தன், அதால உமக்குத்தான் முதல்ல சொல்லுறன்," என்றார் சப்பாத்துக்கு மேலே இருந்து. "லயின் அறையள இடிச்சுப்போட்டு ஸ்டோர் கட்டப் போகினமாம். நவம்பருக்கு முன்னம் வேற இடம் பாரும்."

ஐம்பதுகளின் கடைசி அது. திருகோணமலை உள்துறைமுகத்தின் கரையில், பார்ஜுகளையும் லோஞ்சுகளையும் கட்டுகிற, இழுத்துவைத்துப் பழுது பார்க்கிற சிறிய யார்ட் எங்களுடையது. நான் அங்கே பதினொரு வருடமாகத் தச்சன். என் மனைவி ரத்தினம் முதற்பிள்ளைக்கு நிறைமாதமாகித் தாய்வீட்டுக்கு, சாம்பல்தீவுக்குப் போயிருந்தாள்.

அந்த ஞாயிறு பஸ் ஏறிப் போய் விஷயத்தைச் சொன்னேன். மாமா கணபதிப்பிள்ளை வெங்காயத் தோட்டக்காரர். கிணற்றுத் துலா மிதித்து, வாய்க்கால் வெட்டி, பாத்தி பாத்தியாகத் தண்ணீர் கட்டியே நரைத்த மனிதர். அதிகம் கதைக்க மாட்டார். நான் சொன்னதைக் கேட்டு அவருக்குக் கவலை வந்த மாதிரித் தெரியவில்லை. சந்தோஷத்தை அடக்கிக்கொண்ட மாதிரித்தான் இருந்தது.

"பிள்ளை பிறந்து முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழிஞ்சாப் பிறகு அதை எங்க கொண்டு போறதெண்டு யோசிச்சீங்களோ தம்பி?" என்று கேட்டார். "சொந்தமா ஒரு கூரை இருந்தா கொண்டு போங்கோ, நான் ஒண்டும் சொல்லேல்லை. இல்லாட்டி இஞ்ச வந்து இருந்து தோட்டத்தைப் பாருங்கோ."

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் பெண்வீட்டோடு போய் இருப்பது வழக்கம்தான். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் சாம்பல்தீவுக்குப் போனால் உளியைப் போட்டுவிட்டு மண்வெட்டியை எடுக்க வேண்டும். எனக்கு வெங்காயம் உரித்தாலே கண் எரியும். தச்சுவேலையைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது, வேறொன்றும் பிடிக்கவும் இல்லை. அதை அவரிடம் சொல்லத் தைரியம் வராமல், "கூரை இருக்கும் மாமா," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

2. கல் என்ற சாமான்

சீனன்குடாவுக்குப் போகிற பக்கம், அம்மாவின் பேரில் ஒரு மேட்டுத் துண்டு கிடந்தது. மேற்கே பாறை, கிழக்கே கீழே துறைமுகத் தண்ணீர். நடுவில் ஒரு சாய்ந்த தென்னை, வளைந்து படர்ந்த சில மரமுந்திரிகை. நிமிர்ந்து நிற்கிற பொருள் அந்தக் காணியில் ஒன்றுமே இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கேதான் வீடு கட்டத் தொடங்கினேன்: பதினாறடி நீளம், பாறையிலிருந்து தண்ணீர்ப் பக்கமாகப் பன்னிரண்டடி அகலம், பலகைச் சுவர், கிடுகுக் கூரை. முன்னுக்கு ஒரு அறை, பின்னுக்கு ஒரு அறை, பாறைப் பக்கமாக ஒரு சின்னக் குசினி. கழித்துவிட்ட பார்ஜுகளின் பலகைகளை எடுத்துக்கொள்ளும்படி போர்மன் சொல்லிவிட்டார். எனவே மரத்துக்குக் குறைவில்லை. அத்திவாரம் மட்டும் கல்லால் போட வேண்டும்.

மேசன் ஒருவரைப் பிடிக்கலாம் என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. நாற்பதடிப் பார்ஜைக் கட்டுகிறவனுக்கு நாலு வரிசைக் கல் அடுக்கத் தெரியாதா என்ற மண்டைக்கனம். வேலை முடிந்து மூன்றரைக்குப் போனால் இருட்டுகிற வரை கல். ஞாயிறு முழுக்கக் கல். மரம் என்றால் கொஞ்சம் கூடிப்போனால் சீவலாம், குறைந்தால் ஒரு துண்டு வைக்கலாம். கல் யார் சொல்லையும் கேட்காது. முதல் வரிசை முடிவதற்குள் இரண்டு நகம் கறுத்துவிட்டது. மண்டைக்கனம் மட்டும் குறையவில்லை.

சரிவில் கட்டுவதால் தண்ணீர்ப் பக்கத்துக் கல்லை உயரமாகவும், பாறைப் பக்கத்துக் கல்லைப் பதிவாகவும் போட்டேன். மட்டம் பார்க்க என்னுடைய சொந்தப் பலகை இருந்தது. யார்ட்டில் சேர்ந்த முதல் வருடத்தில் முதிரை மரத்தில் நானே செய்தது. நாலடி நீளம், மேல்விளிம்பில் குமிழிக் கண்ணாடி, ஒரு தலைப்பில் சிவப்பு மை. சிவப்புத் தலைப்பைத் தண்ணீர்ப் பக்கம் பிடித்துக் கல்லின் மேல் வைத்தேன். குமிழி நடுவில் வந்து நின்றது. எனக்குத் தெரிந்த மேசன்மார் எல்லாரையும் மனதுக்குள் ஒரு சுற்று நக்கலடித்துவிட்டு அடுத்த கல்லை வைத்தேன்.

கல்லுக்கு மேல் சீமெந்து பூசி வழுவழுப்பாக இழைத்தேன். அதன் மேல் பாலை மரத்து அடிச்சட்டங்களைக் கிடத்தினேன். அவற்றைக் கல்லோடு போல்ட் போட்டு இறுக்கவில்லை. பார்ஜை யாராவது அதைத் தாங்குகிற கட்டைகளோடு இறுக்குவார்களா? பாரத்தில் நிற்கும் என்று விட்டுவிட்டேன். மூலைத் தூண்களைத் தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்கவும் இல்லை. யார்ட்டில் பிரேம் நிறுத்துகிற மாதிரி, அடிச்சட்டத்தில் மூலைமட்டத்தை வைத்து நிறுத்தினேன்.

இடையில் சாம்பல்தீவில் மகள் பிறந்தாள். போய்ப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்து தரைக்குப் பலகை அடித்தேன். ஒரு நாள் தரையில் வைத்த தேத்தண்ணிக் கோப்பையில் தேத்தண்ணி ஒரு பக்கம் ஏறி நின்றது. கோப்பை கோணல் என்று நினைத்தேன். பென்சில் உருண்டு வாசலால் வெளியே போனபோது காற்று என்று நினைத்தேன். ஒரு மனிதன் தன்னைத் தானே ஏமாற்ற எவ்வளவு பாடுபடுவான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

3. பால்

முப்பத்தொன்று கழிந்த பிறகு நாள் பார்த்துப் பால் காய்ச்சினோம். ரத்தினம் பிள்ளையோடு வந்தாள். மாமா, மாமி, அவர்களுடைய உறவுப் பெண்கள் நாலைந்து பேர், யார்ட்டிலிருந்து மத்தியாஸ் போர்மன். பலகைத் தரை எரிந்துவிடாமல் முன்னறை நடுவில் ஒரு தகரத்தைப் போட்டு, மேலே மெல்லியதாக மணல் பரப்பி, மூன்று கல் வைத்துப் புதுப்பானையை ஏற்றினார்கள்.

பால் கிழக்கே பொங்கி விழுந்தால் அந்த வீடு நன்றாக இருக்கும் என்பது நம்பிக்கை. மாமி அதிலே வலு கறார். எல்லாரும் பானையைச் சுற்றி நின்றார்கள். பால் பொங்கியது, நேராகக் கிழக்கே வழிந்தது. ஒரு சொட்டுக்கூட வேறு பக்கம் போகவில்லை. பெண்கள் குரவை போட்டார்கள். மாமியின் கண் கலங்கிவிட்டது. மாமா தோளில் கிடந்த சால்வையை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "சரி. இனி என்ர கதை இல்லை. பிள்ளை இஞ்சயே இருக்கட்டும்."

நான் வென்றுவிட்டேன். தோட்டம் இல்லை, மண்வெட்டி இல்லை. ஆனால் நான் பானையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொங்குவதற்கு முன்பே பால் கிழக்கு விளிம்பில் அரை விரல் உயரமாக நின்றதை நான் கண்டிருந்தேன். பானைக்கு அப்பால், சுவரில் சாத்தியபடி, என் மட்டப்பலகை நின்றது. சிவப்புத் தலைப்பு மற்றத் தலைப்பை விட இரண்டு அங்குலம் அகலம் கூடியது. அது எனக்கு அப்போதுதான் கண்ணில் பட்டது என்று சொல்ல முடியாது. பதினொரு வருடமாகத் தெரிந்ததுதான்.

யார்ட்டில் பார்ஜுகளைக் கட்டுவது சிலிப்பில். சிலிப் என்பது தண்ணீரை நோக்கி அடிக்கு அரை அங்குலம் இறங்குகிற சாய்தளம். அந்தச் சரிவில் வைத்தால் குமிழி நடுவில் நிற்கிற மாதிரித்தான் எங்கள் பலகைகளைச் செய்வோம். எந்த இடத்தில் சரிவு அடிக்குச் சரியாக அரை அங்குலமோ, அந்த இடத்தை அது மட்டம் என்று சொல்லும். நான் வேலையால் வந்து, கைப்பழக்கத்தில் அந்தப் பலகையையே எடுத்து, சிவப்புத் தலைப்பைத் தண்ணீர்ப் பக்கமே பிடித்து, ஒரு வீட்டையே கட்டியிருக்கிறேன். பன்னிரண்டடிக்கு ஆறு அங்குலம் சரிவு. சுவர்களும் அதே சாய்வு; அதைக் காட்டிக்கொடுக்க, நிமிர்ந்த மரம் ஒன்றுகூட அந்தக் காணியில் இல்லை. கீழே போல்ட் இல்லை, வழுவழுப்பான சீமெந்து, மாரி மழையில் நனைந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? நான் கட்டியது வீடே இல்லை. தண்ணீரில் இறக்கத் தயாராக நிற்கிற ஒரு பார்ஜ். அதற்குள் என் ஒரு மாதப் பிள்ளை இருந்தது.

வாயை மூடிக்கொண்டிருந்து, அடுத்த நாள் தொடக்கம் ஒவ்வொன்றாக இரகசியமாகச் சரிப்படுத்தலாம் என்ற எண்ணம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் மத்தியாஸ் போர்மன் எதிரே நின்றார். யார்ட்டில் அவர் வைத்திருந்த ஒரே சட்டம், பிழை விட்டவன் பார்ஜ் தண்ணீரில் இறங்க முன் தன் வாயால் சொல்ல வேண்டும் என்பது. சொன்னவனை அவர் ஏசியதில்லை. சொல்லாதவனை வைத்திருந்ததும் இல்லை.

"மாமா," என்றேன். "பால் தானாக் கிழக்கால பொங்கேல்லை. தரை கிழக்கால சரிஞ்சு கிடக்குது. நான் பிழையான மட்டத்தால கட்டிப்போட்டன். மழைக்கு இந்த வீடு நிக்காது."

குரவை போட்ட பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாமா செம்பில் தண்ணீர் எடுத்து, மேற்குச் சுவரடியில் ஊற்றினார். அது பலகைகளின் மேல் அவசரமில்லாமல் நடந்து, கிழக்கு வாசலால் வெளியேறியது. தன் பாத்திக்குப் போகிற தண்ணீரைப் பார்க்கிற மாதிரியே அவர் அதைப் பார்த்தார்.

"உள்ள வரேக்கயே என்ர கால் சொல்லிப்போட்டுது தம்பி," என்றார். "தண்ணி கட்டிற ஆளுக்கு உது தெரியாமப் போகுமோ? நீங்கள் சொல்லுறீங்களோ எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."

"சொல்லாம விட்டிருந்தா?"

"பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பன்."

ரத்தினம்தான் பிள்ளையைத் தோளில் மாற்றிக்கொண்டு, பொங்கின பால் பொங்கினதுதான், அதை இனி ஒருத்தரும் பானைக்குள் திரும்ப ஊற்ற ஏலாது, வீட்டைத் திருத்துகிற வழியைப் பாருங்கள் என்றாள். மத்தியாஸ் போர்மன் குனிந்து அடிச்சட்டத்தைப் பார்த்தார். போல்ட் இல்லை என்று கண்டதும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

4. ஆப்பு

அடுத்த ஞாயிறு யார்ட்டிலிருந்து எட்டுப் பேர் சம்மட்டிகளோடு வந்தார்கள். பார்ஜை இறக்குகிற நாளில், அதைத் தாங்குகிற கட்டைகளிலிருந்து தூக்கிவிட எங்களிடம் ஒரு முறை உண்டு. கீழே சோடி சோடியாக ஆப்புகளைச் செருகி, போர்மன் எண்ண எண்ண எல்லாரும் ஒரே நேரத்தில் அடிப்போம். ஒருவன் முந்தினால் மரம் பிளக்கும். சேர்ந்து அடித்தால் எவ்வளவு பெரிய பாரமும் மயிரிழை மயிரிழையாக எழும்பும். கிழக்குச் சட்டத்துக்கும் கல்லுக்கும் இடையில் எட்டுச் சோடி ஆப்புச் செருகினோம். வீட்டைக் கல்லோடு இறுக்கியிருந்தால் இது நடந்திருக்காது. முழு மடையனாக இருந்ததால் பிழைத்தேன்.

மட்டம் பார்ப்பது யார்? என் பலகையை யாரும் தொட விடவில்லை. மாமா ஒரு அகலமான பித்தளைச் சட்டியில் விளிம்பு மட்டும் தண்ணீர் நிரப்பி, முன்னறை நடுவில் அதை வைத்து, அதற்கு முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்தார். வெளியே போர்மன் எண்ணுவார், எட்டுச் சம்மட்டியும் விழும், வீடு ஒரு முறை முனகும், உள்ளே இருந்து மாமாவின் குரல் வரும்: "இன்னும்." இடைக்கிடை நிறுத்திக் கல் அடைத்தோம். இப்படியே மத்தியானம் வரை. கடைசியில் நாங்கள் சம்மட்டியை ஓங்கியபோது, "காணும், காணும், நிப்பாட்டுங்கோ," என்றார். உள்ளே போய்ப் பார்த்தேன். சட்டியின் விளிம்பைச் சுற்றித் தண்ணீர் ஒரே அளவில் நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வியர்வையைத் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டேன்.

கல்லுக்குச் சீமெந்து பூசி, இந்த முறை போல்டும் போட்டோம். ரத்தினம் எல்லாருக்கும் தேத்தண்ணிக்குப் பால் காய்ச்சினாள். அது பொங்கி மேற்கே விழுந்தது. மாமி நெஞ்சில் கை வைத்தார். மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "முதல்ல நாங்கள் கிழக்கால விழுத்தினம், இப்ப அது தானா மேற்கால விழுந்திருக்கு," என்றார். "இதுதான் அதின்ர சொந்தப் புத்தி. விடு."

அந்த மாரி பெரிய மாரி. வீடு அசையவில்லை. அதற்குப் பிறகு நான் யார்ட்டில் இன்னும் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தேன்.

இதை வாசிக்கிற இளம் தச்சர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எந்த மட்டத்தைக் கையில் எடுத்தாலும், ஒரு தரம் வைத்துப் பாருங்கள்; பிறகு தலைமாற்றி அதே இடத்தில் இன்னொரு தரம் வைத்துப் பாருங்கள். இரண்டு தரமும் குமிழி ஒரே இடத்தில் நின்றால்தான் அதை நம்பலாம். நீங்களே செய்த மட்டம் என்றால் மூன்று தரம் பாருங்கள். அப்படியும் பிழைத்துவிட்டால், தண்ணீரில் இறக்க முன் சொல்லிவிடுங்கள்.

மாமா தோட்டத்துக்கு வரச்சொல்லிப் பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை. அடுத்த வருடம் புதிதாக ஒரு வாய்க்கால் வெட்டியபோது மட்டும், மட்டம் பார்த்துத் தர மருமகன் வர வேண்டும் என்று ஆள் அனுப்பினார். ஊரில் எத்தனையோ பேர் இருக்க என்னைக் கூப்பிட்டார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. வந்த ஆள் படலை வரை போய், திரும்பி நின்று மிச்சத்தையும் சொன்னார்: பலகையைக் கொண்டுவர வேண்டாமாம், சட்டி அங்கே இருக்கிறதாம்.