வேப்பங்குலை செருகிய கதவு

அந்த வருஷம் ஏலக்காய் எடுப்பு தொடங்கும் சமயத்தில்தான் என் ஆத்தாவுக்கு இடது கையும் காலும் இழுத்துக்கொண்டன. நானும் என் வீட்டுக்காரரும் போடிமெட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில் வேலை பார்த்தோம். அந்தக் குளிரிலும் அட்டைக்கடியிலும் நடக்க மாட்டாதவரைக் கொண்டுபோய் வைத்துக்கொள்ள முடியாது. ஆத்தாவுக்கு என்னைத் தவிர வேறு பிள்ளையும் இல்லை.

போடியில் ஒரு வீடு இருந்தது. மலைக்காய்ச்சலோடு இறங்கி வந்து, பார்க்க ஆளில்லாமல் கிடந்தவர்களுக்காக ஒரு வியாபாரி குடும்பம் விட்டுக்கொடுத்தது. காய்ச்சக்கார வீடு என்று சொல்வார்கள். பிற்பாடு படுக்கையில் விழுந்த பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளைக் குளிப்பாட்டிப் பழகிய ஒரு கைம்பெண் அதை நடத்திவந்தார். அக்கா என்றுதான் எல்லாரும் அவரைக் கூப்பிடுவார்கள். ஆத்தாவை அங்கே விட்ட அன்று, உள்ளே எப்படி வைத்திருக்கிறார்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு மலையேறிவிட்டேன்.

எடுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, காய் காயப்போடும் கொட்டகையில் பக்கத்துப் பாயில் இருந்தவள் பேச்சை எடுத்தாள்.

“ஏண்டி, உங்காத்தாவக் காய்ச்சக்கார வீட்டுலயா விட்டுருக்க? அங்க கெடக்குற எங்க சித்தியப் பாக்கப் போனேன். பட்டப்பகல்ல கதவு சாத்திக் கெடக்கு. உள்ளருந்து ஒரு பொம்பள கத்துற சத்தம். என்ன செய்றாளுகளோ.”

“கத்துனது உங்க சித்தியா?” என்றாள் இன்னொருத்தி.

“எங்க சித்திக்கு ஏது தொண்ட? அவுக பங்குக்கும் சேத்து மருமகள்ல கத்துவா.”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கை ஓடவில்லை. வேலை முடிந்து வந்ததும் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

“நீயே போய்ப் பாத்துட்டு வா புள்ள,” என்றார். “சரியில்லேன்னா நாம ரெண்டு பேரும் எறங்கிருவோம்.”

அப்படி அவர் சொன்னது சின்ன விஷயமில்லை. எடுப்பை விட்டு இறங்கினால் அந்த வருஷம் எங்களுக்குப் பிழைப்பே கிடையாது.

ஏலக்காய் மூட்டை ஏற்றிய கழுதைகளோடு நானும் இறங்கினேன். வெயில் ஏறும் நேரத்துக்குப் போடி வந்து அந்த வீட்டு வாசலுக்குப் போனால், கதவு சாத்தியிருந்தது. நிலையில் வேப்பங்குலை செருகியிருந்தது. அம்மை கண்ட வீடு. நடந்து வந்த காலோடு உள்ளே போகக் கூடாது, பேர் சொல்லிக் கூப்பிடவும் கூடாது. யாருக்குக் கண்டிருக்கிறது, என் ஆத்தாவுக்கா என்று கேட்கக்கூட ஆளில்லை. எதிர்ப்புறம் ஒரு புங்கமர நிழலில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்துச் சந்திலிருந்து ஒரு வண்ணாத்தி வந்தாள். தலையில் ஒரு பெரிய அழுக்கு மூட்டை.

“யாரத் தேடுற தாயி?” என்றாள்.

“இந்த வீட்டுலதான் எங்காத்தா…” என்று இழுத்தேன்.

“இந்த மூட்டையும் இந்த வீட்டுதுதான். பின்னால போ, படல் இருக்கும். ஒரு நா விட்டு ஒரு நா இம்புட்டுத் துணி போடுறாக. நோய் அவுகளுக்கு, முதுகுவலி எனக்கு.”

அவள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அம்மை இருக்கிற வீட்டில் அது இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வெளுப்புக்குத் துணி போட மாட்டார்கள். அப்படியானால் உள்ளே அம்மை இல்லை. இல்லாத அம்மைக்கு எதற்கு வேப்பங்குலை? யாரும் வரக் கூடாது என்றுதானே? அப்படி எதை மறைக்கிறார்கள்? அம்மை இல்லை என்ற ஆறுதல் அரை நிமிஷம்கூட நிற்கவில்லை.

சந்துக்குள் போனேன். கொல்லையை அடைத்திருந்த ஓலைப் படலை நெருங்கும்போதே ஒரு பெண் கத்தும் குரல் கேட்டது. கொஞ்சம் குழறினாலும் அது என் ஆத்தாவின் குரல். ஓலை இடுக்கில் கண்ணை வைத்தேன்.

பின்கொல்லையில் ஒரு கயிற்றுக் கட்டிலில் ஆத்தாவைப் படுக்க வைத்து, மேலே ஒரு துணியைப் போட்டு, அந்த அக்கா செம்பால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“தண்ணியா இது? அடுப்புல வச்சியா, இல்ல அடுப்பக் காட்டிட்டு எடுத்துட்டு வந்தியா?”

“நேத்து கொதிக்குதுன்னீக, இன்னைக்குக் குளுருதுங்கிறீக. மருமகன் வீட்டுல இப்படிக் கேப்பீகளா?”

“அங்க எதுக்கு நான் வாயத் தெறக்கப் போறேன்?”

“இங்க மட்டும்?”

“இங்க யாரு இருக்கா, நீதான இருக்க. முதுகத் தேய்.”

அக்கா சிரித்துக்கொண்டே ஆத்தாவை ஒருக்களித்து, விரல் இடுக்கு, காது மடல் என்று ஒன்று விடாமல் தேய்த்தார். இழுத்துக்கொண்ட கையின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துக் கழுவினார். நான் பார்ப்பது அவருக்குத் தெரியாது.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதற்கு முந்தின வருஷம், மலையில் வேலை இல்லாத சமயம், ராசிங்காபுரத்தில் எங்கள் வீட்டில் ஆத்தா கொஞ்ச காலம் இருந்தார். மருமகன் வீடு என்ற கூச்சத்தில், பசித்தாலும் பசிக்கவில்லை என்பார். இருமல் வந்தால் முந்தானையைப் பொத்திக்கொண்டு இருமுவார். அவர் அதட்டிப் பேசி நான் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

நான் அழுத சத்தம் கேட்டு அக்கா திரும்பினார். படலைத் திறந்து என்னை உள்ளே விட்டார்.

“வேப்பங்கொலயப் பாத்துப் பயந்துட்டியா? அம்மையெல்லாம் இல்ல தாயி. பொம்பளைக ஒடம்பு தெறந்து கெடக்கிற நேரத்துல சொந்தக்காரவுக வந்து நின்னு பேசிக்கிட்டே இருப்பாக. ஒருத்தி கறிச்சோறு கொண்டாந்து, மல்லாக்கப் படுத்திருந்தவுக வாயில ஊட்டிட்டா. பொறையேறி, உசிரு திரும்புனதே பெரும்பாடு. குளிப்பாட்டி ஊட்டி முடிக்கிற வரைக்கும் வராதீகன்னு சொன்னா யாரு கேக்குறா? இதச் செருகினேன், சொல்லாமலே திரும்பிப் போறாக.”

“சாமி குத்தம் ஆயிராதா அக்கா?”

“தெனமும் ஒரு செம்பு மஞ்சத்தண்ணி ஊத்தி மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் செருகுறேன். உச்சிக்கு எடுத்துருவேன்.”

ஆத்தா என்னைப் பார்த்தார். “எடுப்பு நேரத்துல இங்க என்னடி சோலி?”

துடைத்து உள்ளே படுக்க வைத்தோம். அங்கே இன்னும் சில பெண்கள் படுத்திருந்தார்கள். கொட்டகையில் காயப்போட்ட ஏலக்காயை மேலே தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அடியில் கை விட்டால்தான் ஈரம் தெரியும். அந்தப் பழக்கத்தில் பக்கத்துக் கட்டிலின் விரிப்புக்கு அடியிலும் கை விட்டேன். உலர்ந்திருந்தது. ஆத்தாவின் முதுகுக்கு அடியிலும் விட்டேன்.

“மாடு வாங்க வந்தவ மாதிரி என்னடி தடவுற?” என்றார் ஆத்தா.

எனக்கு வெட்கமாகிவிட்டது. அக்கா கோபிக்கவில்லை. ஆத்தாவைத் திருப்பி இடுப்பெலும்பைக் காட்டினார். அங்கே காசளவு தோல் சிவந்திருந்தது.

“இது இங்க வந்தப்பறம் வந்ததுதான். ரெண்டு நா எனக்குக் காய்ச்ச, சரியாத் திருப்பிப் போட ஆளில்ல. இப்ப வெளக்கெண்ண தடவி ஆறிக்கிட்டு வருது.”

அதை அவர் சொல்லாமல் விட்டு, நானாகக் கண்டிருந்தால், அன்றைக்கே ஆத்தாவைத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். சொன்னதால் என் மனம் அமர்ந்துவிட்டது.

புறப்படும்போது, அம்மை வீட்டில் சொல்லிக்கொள்ளக் கூடாது என்ற நினைப்பிலேயே பேசாமல் வாசலுக்கு வந்துவிட்டேன்.

“சொல்லிக்காமப் போறியே? அம்மை எங்க இருக்கு இங்க?” என்று அக்கா வேப்பங்குலையை உருவினார்.

திரும்பி நின்று, “போயிட்டு வர்றேன் ஆத்தா,” என்றேன்.

“வெரசா மல ஏறு, மழ வரப்போகுது,” என்று உள்ளேயிருந்து அதட்டல் வந்தது. “வர்றப்ப சும்மா வராத, ஏலக்கா கொண்டா. இவ கஞ்சி வாயில வெளங்கல.”

மேலே போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார்.

“என்ன புள்ள, எறங்கணுமா?”

“வேணாம்,” என்றேன். “தண்ணி சூடு பத்தலன்னு ஆத்தா சண்ட போடுறாக.”

அவர் முதலில் பயந்துபோனார். நான் சிரிப்பதைப் பார்த்த பிறகுதான், மறுநாள் எடுப்புக்கான கூடையை எடுத்துச் சுவரில் மாட்டினார்.