அண்ணனுக்குப் பூக்கட்டிப் பார்த்தது

என் அண்ணன் என்ன படிப்பது என்று முடிவு செய்தவள் நான். எங்கள் ஊர் பாகூரில் யார் முன்னாலும் நின்று இதைச் சொல்வேன்.

பிரெஞ்சுக்காரன் காலம். அண்ணன் புதுச்சேரியில் தங்கி ‘பிசீக்’ படிக்கப் போகிறேன் என்று பிடிவாதம் பிடித்தான். இப்போது இயற்பியல் என்கிறார்களே, அதுதான். சூடு, வெளிச்சம், சத்தம், காந்தம், மின்சாரம் என்று அதில் ஐந்து பிரிவு உண்டு என்றான். அப்பாவுக்குத் தலை சுற்றியது அங்கேதான்.

“சூட்ட இன்னாடா படிக்கிறது? அடுப்பாண்ட குந்துனா தெரியாதா?”

“அது எங்கேர்ந்து எங்க போவுதுன்னு படிக்கிறதுப்பா.”

“எங்க போவும்? சோத்துக்குள்ள போவும்” என்றாள் அம்மா. “சத்தம் படிக்கணும்னா அவ்ளோ தூரம் ஏன் போற? ஒங்கப்பா பக்கத்துல படுத்துக்க, போதும்.”

மின்சாரத்தை எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை. மின்னல் மாதிரி என்று அண்ணன் சொன்னதும் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சத்தத்தை எதில் அடைத்து வைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள் என்பது என் குழப்பம்.

ஐந்தில் உனக்கு எது என்று கேட்டார் அப்பா. ஆளுக்கு ஒரு தொழில்தானே. எல்லாமே படிக்கணும் போலிருக்கு என்று இழுத்தான் அண்ணன். அவனுக்கும் சரியாகத் தெரியவில்லை. தெரியாதவனை நம்பி எப்படி அனுப்புவது, மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றார் அப்பா. ஐந்து பிரிவுக்கு ஐந்து விதப் பூ, சூட்டுக்கு மல்லி. ஆறாவது பொட்டலத்தில் நெற்கதிர். கதிர் வந்தால் படிப்பு கிடையாது, கழனிதான்.

பூசாரி ஆறையும் இலையில் மடித்துக் குலுக்கி அம்மன் காலடியில் போட்டார். எடுப்பதற்குச் சின்னப் பெண்பிள்ளை வேண்டும். என்னைத் தள்ளிவிட்டார்கள்.

முதலில் தொட்ட பொட்டலம் இலையை மீறிச் சுருக்கென்று குத்தியது. கதிர்தான். நெல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, தலையிலா வைக்க முடியும்? பக்கத்தில் மல்லி மணத்தது. அதை எடுத்துக் கொடுத்தேன்.

“சூடு!” என்றார் அப்பா, பிரித்துப் பார்த்து.

“ஐயோ, எம்புள்ள வெயில்லயே நிக்கணுமா?” என்றாள் அம்மா.

அண்ணன் என்னைத் தூக்கிச் சுற்றினான்; மல்லியை என் தலையில் செருகினான். எனக்கு ஆசை வந்துவிட்டது.

“இப்ப எனக்கு இன்னா படிப்புன்னு எடுக்கட்டா?” என்று மறுபடியும் கையை நீட்டினேன்.

அப்பா சிரித்தார். பூசாரி சிரித்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஏதோ நல்லதாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்து, எல்லோரையும் விடச் சத்தமாக நானும் சிரித்தேன்.