காலி அறையில் ஐந்து ஊளை

மழையில் நனைந்த நாய் உடம்பை உதறும்போது ஒரு வாடை வருமே, அது மூக்கில் ஏறினால் போதும், இன்றைக்கும் உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது எனக்கு, எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவேன். பேய், பிசாசு எதையும் நம்பினவன் இல்லை. எங்கள் வலியசாலைத் தெருவே பேய்க்குப் பயந்து கையில் கயிறு கட்டிக்கொண்டபோது கட்டாமல் திரிந்தவன். நீங்கள் சிரிக்கலாம். ஆனால் நடந்தது பட்டப்பகலில்.

கழக்கூட்டம் என்கிற ஊரில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக்கூடம். ஓநாய்களைப் பற்றிய படம் ஒன்றுக்குத் தமிழ் உரை எழுதியது நான், பேசியது முருகேசன் அண்ணாச்சி. சாலைக் கடைத்தெருவில் ஆணியும் தாழ்ப்பாளும் விற்கிறவர்தான், ஆனால் அந்தக் குரலுக்காகவே ஆள் தேடி வரும். மறுநாள் காலை அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன். உயிருக்குப் பயமில்லை, குரல் போய்விடும் என்று டாக்டர் சொல்லியாயிற்று. அதனால்தான் இன்றைக்கே பேசி முடிப்பேன் என்று அடம்பிடித்து வந்து உட்கார்ந்திருந்தார்.

கடைசிக் காட்சி. பனிமேடு, நீண்ட கால்கள், அகன்ற முன்பாதங்கள், மஞ்சள் கண்கள். கூட்டம் கூட்டம் என்கிறோமே, அது ஒரு குடும்பம்தான், தாயும் தகப்பனும் முந்தைய ஈற்றுப் பிள்ளைகளும். அதில் ஒரு நொண்டிக் கிழடு பின்தங்கிவிட, மற்ற ஐந்தும் மேட்டில் நின்று அதைக் கூப்பிட்டு ஊளையிடுகின்றன. இரண்டு குரல் ஒரே சுருதியில் விழுந்தால் ஒன்று விலகிக்கொள்ளும், அதனால்தான் ஐந்து ஐம்பதாகக் கேட்கும் என்று நான் எழுதியிருந்ததைக் கரகரத்த தொண்டையோடு வாசித்து முடித்த அண்ணாச்சி, என்ன தோன்றிற்றோ, கழுத்தை நீட்டித் தானும் ஒரு ஊளை விட்டார்.

“அய்யோ அண்ணாச்சி, ஓநாய்க்கு இத்தர ஜலதோஷம் உண்டோ?” என்றான் ஒலிப்பதிவு செய்யும் மலையாளப் பையன் பிஜு.

“போலே, ஓசில ஊளை விடுதேன், அதுக்கும் குத்தஞ் சொல்லுதான்.”

வேலை முடிந்ததும் ஒரு வழக்கம் உண்டு. எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு, காலி அறையின் அமைதியை ஒரு நிமிஷம் பதிவு செய்வார்கள். பேச்சுக்கு நடுவே ஒட்டுப்போட அந்த அமைதி வேண்டும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மூன்று பேரும் நின்றோம். அந்தப் பக்கம் நாற்காலியும் மைக்கும் மட்டும்.

பிஜு சட்டென்று ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினான். முதலில் மூச்சு. பிறகு கம்பளம் விரித்த தரையில் நகம் உரசும் சத்தம். அப்போதுதான் அந்த வாடை, சாத்தின கதவுக்கு அடியிலிருந்து.

“படம் ஆஃபாணு சேட்டா. சத்தியம்,” என்று இருண்ட திரையைக் காட்டினான் பிஜு.

ஊளை எழுந்தது. ஐந்து குரல், ஒவ்வொன்றும் ஒரு சுருதியில், நடுவே ஒரே ஒரு சுருதி மட்டும் பல் விழுந்த இடம்போலக் காலி. அண்ணாச்சி ஹெட்போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். அந்த நிமிஷம் முடிந்த பிறகுதான் கழற்றினார்.

“எனக்கு எடம் விட்டுருக்கானுவடே.”

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. குரல் போயிற்று. இப்போது கடையில் எல்லாவற்றையும் எழுதிக் காட்டுகிறார். பத்து நாள் கழித்து மனசு கேட்காமல் கழக்கூட்டம் போய் அந்த ஒரு நிமிஷத்தைத் திரும்பப் போடச் சொன்னேன். யாரும் தொடவில்லை என்று பிஜு அம்மாமேல் ஆணையிட்டான். நம்பினால் நம்புங்கள், ஆறு குரல். ஆறாவது கரகரத்த தொண்டை, அந்தக் காலி சுருதியில் வந்து உட்கார்ந்திருந்தது.

அண்ணாச்சியிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் கடைத்தெருவைத் தவிர்த்து வேறு வழியாகச் சுற்றிச் சுற்றி நடக்கிறேன். பதிவு முடிந்த அன்றைக்கு மழையில் அவர் ஆட்டோ ஏறும்போது, நாளைக்குத் தைரியமாக இருங்கள் அண்ணாச்சி என்றேன். வெளியே தலையை நீட்டி அவர் சொன்னதுதான் அந்தக் குரலில் நான் கேட்ட கடைசி:

“கூப்பிட்டவங்களுக்குப் பதில் சொல்லாம இருக்கப்பிடாதுடே. வாறேன்.”