மாப்பிள்ளையின் குறட்டை

போன ஞாயிறு காலை. பெங்களூர் அடுகோடியில் என் மேல்வீட்டு ஹால். இருந்தவர்கள்: மாப்பிள்ளையின் அப்பா. அம்மா செல்வி. தாய்மாமன். கல்யாண புரோக்கர். பிரேசர் டவுனிலிருந்து வீடு பார்க்க வந்த பெண்ணின் அப்பா. பெண்ணின் அம்மா. கடைசியாக நான், கீழ்வீட்டு ஆட்டோக்காரன். பையனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள்.

மாப்பிள்ளை பிரவீன் உள் அறையில். கதவு சாத்தியிருந்தது. குறட்டை மட்டும் வெளியே வந்து விருந்தாளிகளை வரவேற்றது.

பிரவீன் ஹெராயின் பழகியவன். மறுவாழ்வு மையத்தில் சில மாதம் இருந்துவிட்டு இப்போதுதான் வந்தான். அடுத்த மருந்து என்ன? கல்யாணம்தான். டாக்டர் எழுதித் தரவில்லை. தாய்மாமன் எழுதினார்.

"என்னங்க, பகல்லயே இந்தக் குறட்டை?" என்றார் பெண்ணின் அப்பா.

"நைட் ஷிஃப்ட், சம்பந்தி. எலெக்ட்ரானிக் சிட்டி," என்றார் தாய்மாமன். "அமெரிக்காக்காரன் தூங்கப் போனாதான் இவனுக்குத் தூக்கம்."

"எம்பொண்ணு எப்படித் தூங்கும்?"

"பழகிடும். எங்க வீட்டுக்காரிக்குப் பழகல?"

சிரித்தோம். கேசரி வந்தது. குறட்டை கொரகொரவென்று விட்டு விட்டு வந்தது... பிறகு நின்றது.

"அப்பாடா, திரும்பிப் படுத்துட்டான்," என்றார் செல்வி. எல்லோருக்கும் நிம்மதி.

பெண்ணின் அம்மா எழுந்தார். "வீடு பாக்க வந்துட்டு ரூம் பாக்காம போனா எப்படி?"

"புள்ள தூங்குது, சம்பந்தியம்மா..." செல்வி குறுக்கே நின்றார். அந்தம்மா விலக்கிவிட்டுத் திறந்தார்.

உதடு நீலம். மூச்சு இருக்கிறதா என்றே தெரியவில்லை. தலைமாட்டில் ஹெராயின் இழுத்த, கருகிய சில்வர் பேப்பர்.

என் ஆட்டோவில்தான் அள்ளிப்போட்டுப் போனோம். ஆஸ்பத்திரியில் பிரவீனின் அப்பா, "ஃபிட்ஸ் சார்," என்றார். தாய்மாமன், "நேத்து பிரியாணி ஒத்துக்கல," என்றார். மானம்தானே முதலில்? மூச்சு மெதுவாக வரட்டும்.

பெண்ணின் அம்மா கையோடு எடுத்து வந்திருந்த அந்தப் பேப்பரை மேஜையில் வைத்தார். "இதுதான் காரணம், டாக்டர்."

இதற்கென்றே ஊசி இருக்கிறது. போட்டார்கள். பிரவீன் மூச்சை இழுத்தான்.

"அது குறட்டை இல்ல. மூச்சு அடங்குற சத்தம்," என்றார் டாக்டர். "நிறுத்தி வெச்சிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. ஒருத்தரும் எழுப்பிப் பாக்கலயா?"

விருந்தாளி முன்னால் மாப்பிள்ளையை உலுக்கி எழுப்பினால் மரியாதையா இருக்குமா? டாக்டருக்கு இதெல்லாம் எங்கே புரியும்.

சம்பந்தம் முறிந்தது. செல்விக்கு இன்னும் ஆத்திரம். "அந்தம்மா கதவத் தொறக்காம இருந்திருந்தா இந்த அசிங்கம் உண்டா?"

வாஸ்தவம்தான். அன்றைக்கே பந்தல் போட்டிருக்கலாம் — வேறு காரியத்துக்கு.

குறட்டையைக் கேட்டவர்கள் ஏழு பேர். கதவைத் திறந்தவர் ஒருவர்.