முப்பாட்டனைத் தின்ன அஞ்சு ரூபாக் குட்டி

இன்னைக்கு யட்டியாந்தோட்டை கடைவீதியில நடந்த கூத்தைக் கேளுங்க.

எங்க தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவுல சமைக்கிற அந்தோணி அண்ணன், கூடையில ரெண்டு டெரியர் குட்டியோட உட்கார்ந்திருந்தார். ரெண்டும் முயல் அளவுதான், அசல் சாதி நாய். துரை விக்கச் சொன்னாராம்.

"என்ன விலைண்ணே?"

"இது அம்பது ரூபா. அது அஞ்சு."

"ரெண்டும் ஒரே தாய் வயித்துல பொறந்ததுதானே?"

"ஒரே நாள்லதான் பொறந்துச்சு. ஆனா இதுக்கு மட்டுந்தான் சீமையில இருந்து கடுதாசி வந்திருக்கு. தாத்தா, முப்பாட்டன் பேரெல்லாம் போட்டிருக்கு, பாரு!"

பார்த்தேன். எனக்கே என் முப்பாட்டன் பேரு தெரியாது. நம்ம தகுதிக்கு அஞ்சு ரூபாக் குட்டிதான்னு முடிவு பண்ணிட்டேன்.

மடியில முடிஞ்ச காசை அவுக்கிறேன். அதுக்குள்ள அண்ணன், பக்கத்து முஸ்லிம் நானா கடையில வாங்கின கருவாட்டை அந்தக் கடுதாசியிலேயே சுத்திக் கூடைக்குள்ள வச்சுட்டார். வேற தாள் கிடைக்கலையாம்!

அஞ்சு ரூபாக் குட்டி ஒரே பாய்ச்சல். கருவாடு போச்சு, கூடவே கடுதாசியும் போச்சு. முப்பாட்டன் பேருல ஒரு எழுத்துகூட மிஞ்சலை.

அண்ணன் தலையில கைவச்சு உட்கார்ந்துட்டார். அப்புறம் அந்த அஞ்சு ரூபாக் குட்டியைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டார்.

"தம்பி, இனிமே இதுதான் அம்பது ரூபா. பரம்பரையே இது வயித்துக்குள்ளதானே இருக்கு!"

இப்பவே அம்பது குடுத்து வாங்கவா, இல்ல காலையில அது வெளிக்குப் போற வரைக்கும் பொறுக்கவா? நீங்களே ஒரு ஞாயம் சொல்லுங்க.